தப்பு என் மேலதாண்டா!

உங்கள் அப்பா உங்களிடம் கடைசியாக எப்போது 'ஸாரி' சொன்னார்?

யோசியுங்கள், அவசரமில்லை. ஞாபகம் வரவில்லை என்றால் உங்கள் ஞாபகசக்தியைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் அப்படி ஒரு சம்பவம் நடந்தே இருக்காது!

பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆளின் காலை மிதித்தால் உடனே 'ஸாரி ஸார்' என்கிறோம். ராங் நம்பர் போட்டால் ஸாரி. மேனேஜரிடம் ஒரு நாளைக்கு எத்தனை ஸாரி என்பதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் ஒரு வருஷத்தையே தொலைத்துவிட்ட அப்பா என்ன செய்வார்? செருமுவார். பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ராத்திரி வரும்போது கையில் ஒரு பொட்டலம் இருக்கும். பிரித்தால் அல்வா. சமையலறைப் பக்கம் திரும்பி, "அவன சாப்பிடச் சொல்லு" என்பார். அவ்வளவுதான், மன்னிப்புப் படலம் முற்றிற்று!

அம்மாக்கள் வேறு ரகம். அழுதுவிடுவார்கள். "நான் பாவி, என்னாலதானே என் புள்ளைக்கு இப்படி ஆச்சு" என்று ஆரம்பித்தால், நஷ்டப்பட்ட பிள்ளையே எழுந்து வந்து, "விடும்மா, பரவால்ல" என்று கண்ணைத் துடைத்துவிட வேண்டும்.

சின்னத் தப்புகளுக்கு அல்வா தாங்கும். ஆனால் பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயசாகும்போது பெற்றவர்கள் செய்கிற தப்பு அந்த ரகம் இல்லை. அந்த வயதில்தான் எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி வருகிறது. விண்ணப்பத்தில் கையெழுத்து போடுவது அப்பா, பலனை அனுபவிப்பது பிள்ளை.

நான் பார்த்த மூன்று அப்பாக்களைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று பேருமே நல்லவர்கள். பிள்ளைக்காக உயிரைக் கொடுப்பவர்கள். அதில் சந்தேகமே இல்லை. உயிரைக் கொடுப்பது சுலபம் ஸார், 'தப்பு என் மேல' என்ற மூன்று வார்த்தைதான் கஷ்டம்!

ஐந்து வயதில் ரிட்டயர்மென்ட் பிளான்

என் கூடப் படித்த ஒருவன். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது, ஹெட்மாஸ்டர் பிறந்த தேதி கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் அது ஒரு சடங்கு. தேதி ஞாபகம் இல்லாதவர்களுக்கு ஹெட்மாஸ்டரே ஒரு தேதி போட்டுக் கொடுப்பார். வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாக இருப்பார்கள்!

இவன் அப்பாவுக்குத் தேதி நன்றாகவே ஞாபகம் இருந்தது. இருந்தும் பதினோரு மாதத்தைக் குறைத்துச் சொன்னார். ஏன் தெரியுமா? "நாளைக்கே கவர்மென்ட் உத்தியோகம் கிடைச்சா, ஒரு வருஷம் சர்வீஸ் கூட வரும்ல!" பையன் இன்னும் 'அ' எழுதவில்லை, அதற்குள் அவன் ரிட்டயர் ஆகும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார். தொலைநோக்கு என்றால் இது தொலைநோக்கு!

2003-ல் பிளஸ் டூ முடித்தான். உயிரியலில் புலி. அப்போது மருத்துவப் படிப்புக்குத் தமிழக அரசின் நுழைவுத் தேர்வு இருந்தது. (2006-ல் வந்த சட்டத்தால் அது போய்விட்டது.) மருத்துவக் கல்லூரியில் சேர, அந்த ஆண்டு முடிவதற்குள் பதினேழு வயது நிரம்ப வேண்டும் என்பது விதி. நிஜத்தில் அவனுக்கு நிரம்பிவிட்டது. சான்றிதழில் நிரம்பவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறிவிட்ட தேதியை மாற்றுவது லேசுப்பட்ட காரியமா? ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தான். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போனார்கள். அடுத்த வருஷம் எழுதியபோது பழைய வேகம் இல்லை. சீட் கிடைக்கவில்லை.

இன்று தனியார் கம்பெனியில் இருக்கிறான். அங்கே ரிட்டயர்மென்ட் வயது என்று ஒன்றும் கிடையாது, ஹெச்.ஆர். கூப்பிட்டு அனுப்புகிற நாள்தான் ரிட்டயர்மென்ட்! அப்பா சேமித்துக்கொடுத்த பதினோரு மாதம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறார். பேச்சு வந்தால் இன்றைக்கும் சொல்வது, "நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்." உண்மைதான். ஆனால் அவன் எதிர்பார்ப்பது காரணத்தை அல்ல. "சீட் போனதுகூட மறந்துபோச்சுடா. அந்த ஒரு வருஷம் வீட்ல இருந்தப்ப, 'வெட்டியா உக்காந்திருக்கியே'ன்னு என்னையே திட்டினார் பாரு, அதுதான் போக மாட்டேங்குது" என்றான் என்னிடம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும்!

டைரிக்குள் பாஸ்வேர்டு

இரண்டாவது அப்பா எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் ஸார். ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து கண்டுபிடிப்பவர்.

என்ஜினீயரிங் கௌன்ஸலிங் முன்பெல்லாம் எப்படி நடந்தது என்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். குடும்பமே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போகும். மாமா, சித்தப்பா, விவரம் தெரிந்த பக்கத்து வீட்டுப் பையன் என்று ஒரு படையே திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். 2018-லிருந்து கௌன்ஸலிங் ஆன்லைன். இப்போது பதிவு, சான்றிதழ் ஏற்றுவது, கல்லூரி வரிசை கொடுப்பது எல்லாமே வீட்டிலிருந்து. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், குறித்த ஓரிரு நாளுக்குள் உள்ளே போய் 'உறுதி' செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த சீட் நம்முடையது இல்லை.

அக்கவுண்ட்ஸ் ஸார் மகளுக்கு நல்ல கட் ஆஃப். பதிவு செய்யும்போது தன் மொபைல் நம்பர், தன் இ-மெயில், தான் வைத்த பாஸ்வேர்டு. அதை டைரியில் எழுதி, டைரியை ஆபீஸ் டிராயரில் பூட்டி, சாவியைப் பூணூலில் கட்டாத குறை! "சின்னப் பொண்ணு, எதையாவது அமுக்கிடுவா" என்பது அவருடைய பயம். (இவர் மொபைலில் ஃபோட்டோ அனுப்புவதற்கே அந்தச் சின்னப் பெண்ணைத்தான் கூப்பிடுவார் என்பது வேறு விஷயம்.)

ஆடி மாதம். குலதெய்வம் கோயிலுக்குப் படையல் போடக் கிளம்பினார்கள். மலையடிவாரத்து ஊர், சிக்னல் கிடையாது. சனிக்கிழமை காலையிலேயே மகள் கேட்டிருக்கிறாள். "அப்பா, டவுனுக்குப் போயி ஒரு தடவ பாத்துடலாமே?" "எல்லாம் எனக்குத் தெரியும். சாமி காரியத்துல ஃபோன் எதுக்கு?"

திங்கட்கிழமை பஸ் டவுனைத் தொட்டதும் ஃபோனில் வரிசையாக மெஸேஜ்கள் வந்து விழுந்தன. அரசு கல்லூரியில் இ.சி.இ. கிடைத்திருக்கிறது. கிடைத்து, அவகாசம் முடிந்து, போயும்விட்டது.

முதல் மூன்று நாள் அவரும் வழக்கமான அப்பாவாகத்தான் இருந்தார். டவர் மேல் கோபம். வெப்ஸைட் மேல் கோபம். "நீயாவது இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மகள் மேலேயே கோபம். சனிப்பெயர்ச்சிகூட விசாரணைக்கு வந்தது. நாலாம் நாள்தான் அது நடந்தது. உறவுக்காரர் ஒருவர் ஃபோனில், "என்ன மாப்ளே, பொண்ணுக்கு மார்க் பத்தலையாமே?" என்று கேட்டிருக்கிறார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஸார் சொன்னார்: "மார்க் இருந்துச்சு. சீட்டும் வந்துச்சு. நான்தான் கோட்டை விட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டு மகளிடம், "நீ கேட்டே பாப்பா. நான்தான் குடுக்கல. இது உன்னால போகல" என்றிருக்கிறார். அன்றைக்குத்தான் அந்தப் பெண் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாளாம்.

அதன் பிறகு ஒரு தனியார் கல்லூரி. கட்டணம் பல மடங்கு. கார் வாங்க வைத்திருந்த பணம் அங்கே போனது. இன்றும் எங்கள் கூடத்தான் பஸ்ஸில் வருகிறார். யாராவது "என்ன ஸார், கார் என்னாச்சு?" என்று கேட்டால், மகள் படிப்புச் செலவு என்று சொல்வதில்லை. "ஒரு தப்புக்கு ஃபைன் கட்டினேன்" என்கிறார்.

ஒரு சாவி, ஒன்பது வருஷம்

மூன்றாவது அப்பா, எங்கள் தெருமுனையில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் அண்ணன். 2022-ல் மகன் பதினோராம் வகுப்பு, வயது பதினாறு. ஒரு நாள் சாயங்காலம் கடையில் கூட்டம். "டேய், வண்டிய எடுத்துட்டுப் போய் ஒரு காயில் ஒயர் வாங்கிட்டு வந்துடு" என்று பைக் சாவியைக் கொடுத்துவிட்டார். மெயின் ரோடு திருப்பத்தில் சைக்கிளில் வந்த பெரியவர் மேல் மோதிவிட்டான். பெரியவருக்குக் கால் எலும்பு முறிவு, பையனுக்குக் கையில்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 செப்டம்பர் முதல் 199-ஏ என்று ஒரு பிரிவு நடைமுறையில் இருக்கிறது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், குற்றவாளி பெற்றவர் அல்லது வண்டியின் சொந்தக்காரர். மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. இதெல்லாம் அப்பாவுக்கு. பிள்ளைக்கு? 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எல்.எல்.ஆர். கூடக் கிடையாது!

இதைக் கேட்டதும் கடையில் அவசர ஆலோசனைக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர், "மச்சான் ஓட்டினான்னு சொல்லிடலாம், அவனுக்கு லைசென்ஸ் இருக்கே" என்றார். விவரம் தெரிந்த இன்னொருவர், "அதெல்லாம் வேணாம். சட்டத்துலயே வழி இருக்கு. 'எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான், சாவிய ஜாக்கிரதையாத்தான் வெச்சிருந்தேன்'னு நிரூபிச்சா உங்களுக்குத் தண்டனை இல்ல" என்றார். உண்மையிலேயே சட்டத்தில் அந்த விலக்கு இருக்கிறது. சொல்லியிருந்தால் அண்ணன் தப்பித்திருக்கலாம். ஆனால் பையன் திருட்டுத்தனமாக வண்டி எடுத்தவன் ஆகியிருப்பான், அதுவும் அப்பா வாயாலேயே. கையில் கட்டோடு அவன் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணன் யாரிடமும் வாதாடவில்லை. "சாவிய நான்தான குடுத்தேன்" என்றார். அதையே ஸ்டேஷனிலும் சொன்னார். கோர்ட்டிலும் சொன்னார். கோர்ட் கலையும்வரை காவல், 25,000 ரூபாய் அபராதம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதால், பெரியவருக்குத் தரும் நஷ்டஈட்டை இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டிக்காரரிடமே திருப்பி வசூலிக்கலாம். அதற்கும் தயாரானார். அந்தப் பெரியவர் வீட்டுக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் போய்வந்தார். முதல் இரண்டு தடவை திட்டு வாங்கினார், மூன்றாவது தடவை காபி.

உணர்ச்சிவசப்பட்டு, "இவனுக்கு 25 ஆகுற வரைக்கும் நானும் வண்டியத் தொட மாட்டேன்" என்று சபதம் வேறு போட்டார். அண்ணி ஒரே வரியில் உடைத்துவிட்டார். "அப்ப அரிசி மூட்டைய யாரு தூக்கிட்டு வர்றது? தப்பு பண்ணினது நீங்க, தண்டனை எனக்கா?"

நியாயம்தானே? சபதம் யாருக்கும் உபயோகமில்லை. உபயோகமான வேலையைப் பிறகு கண்டுபிடித்தார். வண்டிப் பதிவு ரத்தான ஒரு வருஷமும் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து டவுன் பஸ்ஸில் போனார்கள். வண்டி திரும்பி வந்ததும், காலையில் அவனைப் பின்னால் உட்கார வைத்து டியூஷனுக்கும், பிறகு கல்லூரிக்கும் கொண்டுபோய் விடுகிறார். கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் பைக்கில் பறக்க, அவன் மட்டும் அப்பா முதுகுக்குப் பின்னால் வந்து இறங்குவது சின்ன அவமானம் இல்லை. அந்த அவமானத்தை அவனைத் தனியாகச் சுமக்கவிடாமல், காலை ஐந்தரைக்கு எழுந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கிறார் அண்ணன். 2031 வரை இந்த டியூட்டி!

தசரதரும் யயாதியும்

நம் புராணத்தில் இந்த விஷயம் இல்லாமல் இருக்குமா? வாக்குக் கொடுத்தது தசரதர், காட்டுக்குப் போனது ராமன், பதினாலு வருஷம். அந்தச் செய்தியைத் தசரதர் தன் வாயால் பிள்ளையிடம் சொல்லவில்லை. அவர் துக்கத்தில் சாய்ந்துவிட, கைகேயிதான் சொல்கிறாள். கஷ்டமான விஷயத்தை அம்மாவை விட்டுச் சொல்ல வைக்கும் டெக்னிக்கை நம் அப்பாக்கள் எங்கே கற்றார்கள் என்று இப்போது புரிகிறதா?

மகாபாரதத்து யயாதி இன்னும் மோசம். தன் தப்புக்குச் சுக்கிராச்சாரியார் கொடுத்த சாபத்தால் வந்த கிழட்டுத்தனத்தைப் பிள்ளை பூருவின் தலையில் கட்டிவிட்டு, அவன் இளமையை வாங்கிக்கொண்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் இளமையைத் திருப்பிக் கொடுத்தார், மேலே ராஜ்யத்தையும் வட்டியாகக் கொடுத்தார். ஆயிரம் வருஷம் லேட், இருந்தாலும் கொடுத்தாரே! தசரதரின் கண்ணீரைவிட யயாதியின் அந்தக் கணக்கு பிள்ளைக்கு உபயோகமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று அப்பாக்களையும் பார்த்ததில் நான் புரிந்துகொண்டது இதுதான். பெற்றவர்கள் தப்பு செய்தால் பிள்ளைக்கு நஷ்டம் ஒன்றோடு நிற்பதில்லை. சீட் போவது முதல் நஷ்டம். 'உனக்கு மார்க் பத்தல', 'வெட்டியா இருக்க', 'நீ திருட்டுத்தனமா எடுத்த' என்று பழியும் அவன் தலையிலேயே விழுவது இரண்டாவது. முதல் நஷ்டத்தைப் பல சமயம் யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. இரண்டாவதை அப்பா நினைத்தால் ஒரே வாக்கியத்தில் தடுத்துவிடலாம். அதற்கு அல்வா வாங்கும் செலவுகூடக் கிடையாது.

எது தப்பு, எது தலைவிதி?

எல்லாவற்றுக்கும் அப்பா அம்மாவைக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. ஓர் உதாரணம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2015-ல் கடன் வாங்கி, பிள்ளையை ஆறாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்த்த அப்பா, ஒரே வருஷத்தில் கட்ட முடியாமல் திரும்ப அரசுப் பள்ளிக்கே மாற்றியிருப்பார். அந்த ஒரு வருஷத்தால் பிள்ளைக்கு ஒதுக்கீடு கிடைக்காமல் போகலாம். அது அப்பாவின் தப்பா? இல்லவே இல்லை. ஐந்து வருஷம் கழித்து வரப்போகிற சட்டம் அவருக்கு எப்படித் தெரியும்?

தெரிந்துகொள்ள வழியிருந்தும் கவனிக்காமல் விட்டது தப்பு. பிள்ளை சொல்லியும் கேட்காதது பெரிய தப்பு. வழியே இல்லாதது தலைவிதி. முதல் இரண்டுக்கும் 'என் தப்பு' என்று சொல்லுங்கள். மூன்றாவதற்குப் பிள்ளையோடு உட்கார்ந்து வருத்தப்பட்டால் போதும்.

பீரோவைத் திறங்கள்!

கல்யாணம் ஆகிக் கைக்குழந்தையோடு இருக்கும் நண்பர்களுக்கும், தம்பி தங்கை படிக்கிற வீட்டு அண்ணன்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை:

1. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. 'நல்ல பெயர் கிடைக்கட்டும்' என்று ஜோசியருக்காகக் காத்திருந்தே வருஷத்தை ஓட்டிவிடாதீர்கள்.

2. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கையில் ஆரம்பித்து லைசென்ஸ் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பதினோரு மாதம் குறைக்கும் வேலை இனி நடக்காது!

3. பொதுத் தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்வார்கள். இனிஷியல், எழுத்து, தேதி மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள்.

4. கௌன்ஸலிங் பாஸ்வேர்டு பிள்ளையிடமும் இருக்கட்டும். படிக்கப் போவது அவர்கள்தானே?

5. பதினாறு வயதில் லைசென்ஸ் உண்டு, ஆனால் 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். நம் வீட்டு வாசலில் நிற்கிற பைக்குகள் பெரும்பாலும் அதைவிட இரண்டு மடங்கு. சாவியை ஆணியில் மாட்டாமல் பாக்கெட்டில் வையுங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இன்னும் பிள்ளை இல்லை, அப்பா மட்டும்தான் இருக்கிறார். அவரிடம் போய் 'எனக்கு ஒரு ஸாரி பாக்கி இருக்கிறது' என்று இந்த வயதில் வசூலிக்க முடியாது. கிடைக்காத கடன் அது, விட்டுவிடுங்கள். பழைய அல்வாப் பொட்டலங்களை எண்ணிப் பாருங்கள், கணக்கில் கொஞ்சம் நேராகிவிடும்.

உங்கள் முறை வரும். ஏதோ ஒரு தேதியை மறக்கத்தான் போகிறீர்கள், ஏதோ ஒரு சாவியைக் கொடுக்கத்தான் போகிறீர்கள். அன்றைக்கு செருமாதீர்கள். அம்மாவை அனுப்பாதீர்கள். நேராகப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "தப்பு என் மேலதாண்டா" என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வேண்டுமானால் அல்வா வாங்குங்கள். அல்வா நல்ல பதார்த்தம்தான்!